மாடத்தில் வளர்ந்த கசகசா

கிள்ளிய விரல்களில் அரை நாள் தங்கும் மணம் அது. கராம்பையும் தேசிக்காய்த் தோலையும் சேர்த்து நசுக்கினாற்போல் முதலில் மூக்கில் ஏறி, பிறகு மெல்லத் தணிந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் நின்றுகொண்டு, சோற்றைப் பிசையும்போது மறுபடி தன்னை நினைவூட்டும். அந்த மணத்தை நான் முதலில் அறிந்தது கும்பிடும் இடத்தில். அடுத்ததாக அறிந்தது மீன் சட்டியில். இரண்டுக்கும் இடையே ஒரு கிடுகு வேலி மட்டுமே இருந்தது.

செடியின் பெயர் எங்கள் பக்கத்தில் “கசகசா”. குருமாவுக்கு அரைக்கும் வெள்ளைக் கசகசா அல்ல. நோன்பு காலத்தில் சர்பத்தில் ஊறவிட்டால் சுற்றிலும் கண்ணாடி போல் ஊதி, வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குமே, அந்தக் கறுப்பு விதை. விதையைத் தரும் செடியையும் அதே பெயரால்தான் சொல்வார்கள். துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். இலை கொஞ்சம் பெரிது, மினுமினுப்பு அதிகம். திருநீற்றுப்பச்சை என்று அதற்கு இன்னொரு பெயர் இருப்பதை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டுக்கு வரும்வரை அம்மா அந்தச் செடியைக் கண்டதேயில்லை, அதில் ஒருவர் சமைப்பார் என்று கேள்விப்பட்டதுமில்லை. நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

எங்கள் வீடு மன்னார்த் தீவில், எருக்கலம்பிட்டிக்குப் போகும் தெருவோரம் இருந்தது. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அம்மா பெருநிலத்தில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். குளத்துத் தண்ணீரும் கறுத்த மண்ணும் கண்டு வளர்ந்தவர், கல்யாணம் கட்டித் தீவுக்கு வந்த நாளிலிருந்து இந்த மண்ணோடு சண்டை. அள்ளினால் விரலிடுக்கால் ஓடிவிடும் வெள்ளை மணல், வாயில் வைத்தால் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர், போதாததற்குச் சோளகக் காற்று கொண்டுவந்து இலையில் தூவும் உப்பு. குடிக்கும் தண்ணீர் “பவுசர்” என்ற தாங்கி லொறியில் வரும். பீப்பாவில் பிடித்துவைத்து அளந்து அளந்து எடுப்போம். “இது மண்ணோ, இது தண்ணியோ” என்று அம்மா தினமும் ஒரு தடவையாவது கேட்பார். யாரிடம் கேட்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாததால் நாங்கள் பதில் சொல்வதில்லை.

அந்த மண்ணிலும் அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வீட்டு முன்பக்கம் இடுப்பளவு உயரத்தில் சீமெந்தில் ஒரு துளசி மாடம் கட்டுவித்திருந்தார். மண்ணைத் தாய்வீட்டிலிருந்து உரப்பைகளில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார். அப்படியும் துளசி நிற்கவில்லை. ஒன்று காய்ந்தது, ஒன்றை ஆடு தின்றது, ஒன்று காரணமே சொல்லாமல் ஒரு கிழமைக்குள் கறுத்துப்போனது. செடி இல்லாத மாடத்துக்கும் வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைப்பார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மிகவும் கறாரான நாள். மீன் சட்டி குசினிக்கு வெளியே போய்விடும். துளசி உயிரோடு இருக்கும் காலமாக இருந்தால் அன்றைக்கு அதில் ஒரு இலை கிள்ள விடமாட்டார், எனக்குச் சளித் தடிமன் பிடித்திருந்தாலும் சரி.

யுத்தம் ஓய்ந்து, முன்பு விரட்டப்பட்டுப் புத்தளம் பக்கம் போயிருந்த எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனங்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பிவரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் பக்கத்து வளவில் அதுவரை கூரையில்லாத நான்கு சுவர்களும் உடைமரமும்தான் நின்றன. ஒருநாள் லொறி ஒன்று வந்து அங்கே நின்றது. முன்னால் சாரதியின் பக்கத்தில், மடியில் இரண்டு பால்மாத் தகரங்களை வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தார். கதிரை, அலுமாரி, தையல் மெசின் எல்லாம் பின்னால் குலுங்கிக்கொண்டு வர, அந்தத் தகரங்களை மட்டும் அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை. அதுதான் நஜீமா மாமி. அவருடைய கணவர் கபூர் மாமா சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் இரண்டு தடவை தலையைத் தடவிக்கொண்டு அந்தச் சுவர்களைப் பார்த்தார்.

மறுநாளே மாமி வேலியடிக்கு வந்து, ஒரு தகரத்தை அம்மாவிடம் நீட்டினார்.

“அக்கா, இத நீங்க வெச்சுக்கொள்ளுங்க. நல்ல வாசம்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தகரத்தில் ஒரு சாண் உயரத்தில் செடி. நுனியில் கதிர் போலப் பூ. அம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். மாடம் வெறுமையாகி அப்போது ஒரு கிழமை ஆகியிருந்தது. முகம் மலர்ந்துபோய், “துளசியில்லாத வீட்டுக்குத் துளசி வந்திருக்கு, அதுவும் ஒரு சோனகப் பிள்ளையின்ர கையால” என்று உள்ளே வந்து அப்பாவிடம் சொன்னார். குளித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அன்று பின்னேரமே மாடத்தில் நட்டுவிட்டார்.

செடி பிடித்துக்கொண்டது. அரிசி கழுவிய பவுசர்த் தண்ணீரும் தாய்வீட்டு மண்ணும் அதற்கு ஒத்துப்போனதோ, நட்டவரின் கை ராசியோ, இரண்டு மாதத்தில் மாடத்தின் விளிம்பைத் தாண்டிப் பக்கமெல்லாம் கிளை விட்டது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்தார், பூ வைத்தார், காலையில் மூன்று சுற்றுச் சுற்றினார். இலை போட்ட தீர்த்தம் தெருவில் நாலு வீட்டுக்குப் போனது. தீவில் தனக்கென்று ஒன்று வேர்விட்டதில் அவர் நடையே மாறிப்போயிருந்தது. மண்ணைக் குறை சொல்வதுகூடக் குறைந்தது.

அப்பாதான் ஒருநாள் தேத்தண்ணீரோடு மாடத்தடியில் நின்று, “துளசிக்கு இவ்வளவு பெரிய இலை இருக்குமோ?” என்றார்.

“நல்ல மண்ணைக் கண்ட துளசி இப்பிடித்தான். உங்கட ஊர்த் துளசியைப் பார்த்துப் பழகின உங்களுக்கு என்ன தெரியும்” என்று அம்மா ஒரே போடாகப் போட்டார். அப்பா தேத்தண்ணீரை முடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் வேலிக்கு அந்தப் பக்கம் வேறொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கபூர் மாமாவுக்குத் திரும்பி வந்ததில் முழு மனமில்லை. சின்ன வயதில் ஊரை விட்டுப் போனவர். வளர்ந்ததும் கடை போட்டதும் புத்தளத்தில். நஜீமா மாமிக்கோ பிறந்த வளவில்தான் சாக வேண்டும் என்ற எண்ணம். எந்த விஷயத்தில் தொடங்கினாலும் மாமா இந்த மண்ணில் வந்து முடிப்பார்: ஒன்றும் முளைக்காது, ஒன்றும் நிற்காது, பிள்ளைகளைக் கொண்டுவந்து எதற்கு வதைப்பது. ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டாராம். அதை மாமி துணி துவைக்கும் கல்லடியில் நின்று அம்மாவிடம் அப்படியே சொன்னது என் காதிலும் விழுந்தது.

“தலை நோன்புக்கு முந்தி நம்மட வளவுல கிள்ளின இலையப் போட்டு ஒரு மீன் ஆணம் ஆக்கித் தா, பிறகு நான் புத்தளம் எண்டு வாயே தொறக்க மாட்டன், எண்டு சொல்லுறார் அக்கா.”

“என்ன இலை?” என்று அம்மா கேட்டார்.

மாமி ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவர் எங்கள் வீட்டு முன்பக்கம் வந்து, தான் கொடுத்த செடி குங்குமப் பொட்டோடு நிற்பதையும், அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பதையும் கண்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போயிருந்தார். “அது ஒரு கறி இலைதான் அக்கா” என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழியத் தொடங்கினார்.

மாமா அதை விளையாட்டாகச் சொன்னார். மாமி உடன்படிக்கையாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் தெரியவந்தது நாக்கால். மாமி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப்போன ஒரு பகல், பாரை மீன் “ஆணம்” ஊற்றிச் சோறு தந்தார். கறியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனதும் எனக்கு வெள்ளிக்கிழமை விளக்கும் அம்மாவின் ஈரத் தலைமுடியும் ஞாபகம் வந்தன. அவர்களுடைய செடி பின்வளவில், மணலில், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நோஞ்சானாக நின்றது. கழுதைக்குப் பயந்து பழைய மீன் வலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். புத்தளத்திலிருந்து கொண்டுவந்த காய்ந்த இலையைத்தான் மாமி கறிக்குப் போட்டாராம். இந்தச் செடியைத் தலை நோன்பு வரைக்கும் தொடுவதில்லை என்று வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடக்காமலே, “அம்மாட்டச் சொல்லாத” என்றார். ஆக, மாடத்தில் நிற்பது என்ன என்பது மாமிக்கும் அப்பாவுக்கும் எனக்கும் தெரிந்திருந்தது, கும்பிடுகிறவருக்கு மட்டும் தெரியாது. ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. பெரியவர்கள் பல விஷயங்களை அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

சோளகம் தொடங்கியது. இலைகளின் ஓரம் உப்பில் கருகியது. மாமி சாக்குக் கட்டி மறைத்தார், தன் குடிதண்ணீரில் ஒரு குவளை ஊற்றினார். அது எப்படியோ உயிர் பிடித்து, ஒரு சட்டி கறிக்குக் காணும் அளவுக்கு இலை விட்டது. நோன்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, வேலியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வந்த கழுதை ஒன்று சாக்கு, வலை எதையும் பொருட்படுத்தாமல் செடியை அடிக்கட்டை வரைக்கும் தின்றுவிட்டுப் போனது. மன்னாரில் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே யாரோடும் சண்டை பிடிக்கவும் முடியாது. காலையில் மாமி அந்த அடிக்கட்டையின் முன்னால் குந்தியிருந்ததை வேலிக்கு மேலால் கண்டேன். அழவில்லை. கையில் வலையை வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மாடத்தில் அதே செடி குலைகுலையாக நின்றது. வந்து ஒரு பிடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் பின்னேரம் கபூர் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். உப்பளத்து லொறிக்காரரை அப்பாவுக்குப் பழக்கம். சாமான் ஏற்ற ஒரு லொறி பேசித்தரக் கேட்டு வந்தார். நோன்பைப் புத்தளத்தில் பிடிக்கப்போகிறார்களாம். அம்மா பதறிப்போய், “நஜீமா ஒண்டும் சொல்லேல்லையே, ஏன் திடீரெண்டு?” என்றார்.

“நானும் பாத்தன் அக்கா. வெச்ச ஒரே ஒரு கசகசாவையும் கழுத தின்னுட்டுது. ஒரு ஆணத்துக்கு இலை இல்லாத ஊர்ல…” என்று சொல்லிக்கொண்டே திரும்பியவரின் கண் மாடத்தில் விழுந்தது. அருகே போய்ப் பார்த்தார். ஏற்றிவைத்த விளக்கின் திரி கூட இன்னும் அணையவில்லை. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கெட்ட சிரிப்பல்ல, வந்துவிட்டது. “அட, இதுதானே அந்தக் கசகசா. மீன் ஆணத்துக்குப் போடுற இலைக்கா விளக்கு வெச்சிரிக்கிறீங்க?”

அப்பா செருமினார். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்று இரவு வரை அம்மா யாரோடும் பேசவில்லை. எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது. தீர்த்தம் கொடுத்த நாலு வீட்டு முகங்களையும் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பார். அப்பா சமாதானமாக, “அறியாமல் செய்ததுதானே, பிடுங்கிப் போட்டுட்டு வேற துளசி வைப்பம்” என்றார். பிடுங்கிப் போடுவது என்ற சொல்லைக் கேட்டதும்தான் அம்மா வாய் திறந்தார்.

“நான் கூப்பிட்டது துளசியம்மாவை. வந்திருந்ததும் அவதான். வீடு மாறி வந்து இருந்திட்டா எண்டதுக்காக வந்தவ இல்லையெண்டு ஆகுமோ?”



மறுநாள் விடிந்ததும் அம்மா குளித்துவிட்டு வந்து மாடத்தடியில் கற்பூரம் கொளுத்தினார். அவருடைய ஊரில் சூடு மிதிக்கும் களத்தில் சாணியில் பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் குத்தி, நெல் தூற்றி முடியும்வரை கும்பிடுவார்கள். வேலை முடிந்ததும் போய்வரச் சொல்லிக் கும்பிட்டு, இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்துவார்கள். நகர்த்திய பின் அது சாணி. தண்ணீரில் கரைக்கலாம், வயலிலும் போடலாம். கூப்பிடத் தெரிந்தவருக்கு அனுப்பவும் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய முறை. அம்மா குங்குமத்தைத் துடைத்தார், பூவை எடுத்தார், செடியின் அடியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் ஏதோ சொன்னார். பிறகு மண்வெட்டியால் மாடத்து மண்ணைச் சுற்றி வெட்டி, செடியை வேரோடும் தாய்வீட்டு மண்ணோடும் கட்டியாகத் தூக்கி ஒரு தாச்சியில் வைத்தார்.

“இலையைக் கிள்ளிக் குடுத்தால் போதாதோ?” என்று அப்பா கேட்டார். அவருக்கும் அந்த மாடம் வெறுமையாவதில் விருப்பமில்லை.

“அந்த மனிசன் கேட்டது தன்ர வளவில கிள்ளின இலையை. எங்கட வளவு இலை கணக்கில்லை” என்றார் அம்மா.

தாச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிப் படலையால் போனார். நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன். நஜீமா மாமி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவையும் தாச்சியையும் கண்டதும் எழுந்து நின்றவர், “ஐயோ அக்கா, வேணாம். இது நீங்க கும்பிடுறது” என்றார்.

“அவ போயிட்டா. காலமை அனுப்பிப்போட்டுத்தான் கொண்டு வாறன். இப்ப இது கறி இலை. குழி வெட்டுங்கோ.”

மாமி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “இது துளசியில்லையெண்டு சொல்லியிருக்கலாமே, நஜீமா” என்று அம்மா கேட்டதற்கு, “எப்பிடிச் சொல்லுற அக்கா, நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்களே” என்றார்.  கழுதை தின்ற அடிக்கட்டைக்குப் பக்கத்தில், சுவரோரமாக, காற்றுப் படாத மூலையில் நட்டார்கள். மேல் கொழுந்தைக் கிள்ளினால் நட்ட செடிக்குப் பாரம் குறையும், அதை எடுத்து இன்றைக்குச் சமையுங்கோ என்று அம்மா சொன்னார். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றச் சொன்னார். பிறகு பழக்கத்தில், “வெள்ளிக்கிழமையில மட்டும் கிள்ளாதேங்கோ” என்று வாயில் வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “இல்லை இல்லை, அது எங்களுக்கு. நீங்கள் எண்டைக்கும் கிள்ளுங்கோ” என்றார்.

அன்று பகல் வேலிக்கு மேலால் அந்த மணம் வந்தது. கபூர் மாமா சாப்பிட உட்கார்ந்து, முதல் கவளத்தோடு நிமிர்ந்து மாமியைப் பார்த்து, எழுந்து பின்வளவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். வேலிக்கு அப்பால் எங்கள் மாடம் மொட்டையாக நிற்பதும் அங்கிருந்து தெரியும். வந்து உட்கார்ந்தவர் இரண்டாம் தடவை சோறு போடச் சொல்லிவிட்டு, “வேர் நம்மட வளவுலதானே இரிக்கிது” என்றாராம். பின்னேரம் வந்து அப்பாவிடம் லொறி வேண்டாம் என்றார். அம்மாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

மாமி எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டிருந்தார். அம்மா அதைக் கொஞ்ச நேரம் மூடியே வைத்திருந்தார். பிறகு திறந்து, குழம்பில் மிதந்த ஓர் இலையை விரலால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டார். கண்ணில் மிளகாய் எரிந்திருக்க வேண்டும். துடைத்துக்கொண்டார்.

மாடத்தில் அதன் பிறகு பல துளசிகள் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் நெடுநாள் நிற்கவில்லை. தெருவை அகட்டி வடிகால் கான் வெட்டியபோது மாடம் இடிபட்டது. அம்மா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அப்பா என்னோடு வவுனியாவில் இருக்கிறார். இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது, பவுசர் வருவதில்லை. கிடுகு வேலி போய் மதில் வந்துவிட்டது. கழுதைகள் மட்டும் அப்படியே திரிகின்றன. வவுனியாவில் பெரிய கடைகளில் அந்த இலையை, அல்லது அதன் உறவுக்காரியை, பிளாஸ்டிக் பெட்டியில் வேறு பெயரெழுதி விற்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன், கிள்ளிய விரலில் மணம் நிற்கவில்லை.

போன மாதம் வீட்டைப் பார்த்துவர மன்னாருக்குப் போயிருந்தேன். வரும் வழியில் நல்ல பாரை கண்டு வாங்கியதும் ஆசை வந்தது. நஜீமா மாமி வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய், மீன் பை கையிலிருக்க, ஒரு பிடி கசகசா இலை கேட்டேன். மாமிக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. பின்வளவுச் சுவரோரம் அந்தச் செடியின் விதையில் முளைத்த செடிகள் புதராக நின்றன. மாமி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, போகாமல் நின்றார்.

“இண்டைக்கு வெள்ளியெல்லா, மகள். வெள்ளியில நான் அதுல கை வெக்கிறல்ல, அக்கா சொன்னவ. நாளைக்கு வாங்க, கிள்ளித் தாறன்.”

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அம்மாவோடு போய்விட்டது. மீன் பையை முதுகுக்குப் பின்னால் மாற்றிப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன்.